தும்பை சூடிய பாறை

(கோவளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். இன்னும் யாரும் வெல்லவில்லை, யாரும் விழவில்லை. 'வா, பார்த்துவிடலாம்' என்று ஒருவரை ஒருவர் அறைகூவும் அந்தக் கணத்தை நம் கலைஞர்கள் கல்லிலும் சுவரிலும் கூத்துக் களத்திலும் எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைக் கோவளத்தில் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அதற்குச் சற்று முன்னாலேயே சாளுவன்குப்பம். போர்க்களத்தைக் கல்லில் காட்டுவதில் இந்தியாவின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று அந்த மாமல்லபுரத்தில் இருக்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தொல்காப்பியம். புறத்திணையியலில் தொல்காப்பியர் ஒவ்வொரு போருக்கும் ஒரு பூவைத் தருகிறார். அதோடு ஒவ்வொரு போரையும் ஒரு நிலத்தோடு சேர்க்கிறார். ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்கு. மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சி முல்லைக்கு. கோட்டையை வளைக்கும் உழிஞை மருதத்துக்கு. வெற்றியைக் கொண்டாடும் வாகை பாலைக்கு. இரண்டு படைகள் தங்கள் வீரம் ஒன்றையே பொருளாகக் கொண்டு நேருக்கு நேர் மோதும் தும்பைப் போர் நெய்தலுக்கு. நெய்தல் என்றால் நம் நிலம். இந்த மணலும் உப்புக் காற்றும் கட்டுமரமும் உள்ள நிலம்.

ஏன் நெய்தலுக்குத் தும்பை? உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கங்களில் இரண்டு என் மனத்தில் தங்கியவை. மேடுபள்ளமில்லாத பரந்த மணல்வெளி இரு படையும் நின்று பொருவதற்கு ஏற்ற களம் என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் ஆழமானது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் நின்று கலங்குவது நெய்தலின் உணர்வு. போருக்குப் போனவனுக்காகக் கலங்குவதும் அதே உணர்வுதான். ஆகவே நேருக்கு நேர் நிற்கும் வீரத்துக்குப் பக்கத்திலேயே இரங்கலையும் வைத்துப் பார்த்தார்கள் நம் முன்னோர்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மோதலைக் காட்டும் கலையில் இரண்டு வகை உண்டு. வென்றவனின் காலடியில் தோற்றவனைக் கிடத்துவது ஒரு வகை; அது வாகை. இருவரையும் சமமாக நிறுத்தி, முடிவைச் சொல்லாமல், எதிரிக்கும் அவன் மதிப்பைக் கொடுத்துக் காட்டுவது இன்னொரு வகை, அது தும்பை. வாகைக் கலை உலகம் முழுக்க மண்டிக் கிடக்கிறது. தும்பைக் கலை அரிது. அந்த அரிய கலையின் உச்சங்கள் சில தமிழ் மண்ணில் இருக்கின்றன. அவற்றை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மாமல்லபுரத்துக் குன்றின்மேல், பழைய கலங்கரை விளக்கமாகப் பயன்பட்ட ஒலக்கண்ணேசுவரர் கோயிலுக்குக் கீழே, மகிடாசுரமர்த்தினி குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் முழுக்க ஒரே போர்க்களம்.

இடப்பக்கத்திலிருந்து தேவி வருகிறாள். சிங்கத்தின்மேல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள். எட்டுக் கைகள். ஒரு கை வில்லை நீட்டிப் பிடிக்க, இன்னொரு கை நாணைக் காதுவரை இழுத்திருக்கிறது. மற்றக் கைகளில் வாளும் சக்கரமும் சங்கும் மணியும் கேடயமும். முகத்தில் சினமோ பதற்றமோ இல்லை. உடல் மெல்லியது, ஏறக்குறைய ஒரு சிறு பெண்ணின் உடல். அவளைச் சுற்றிக் குள்ளக் கணங்கள், ஆளுக்கு ஓர் ஆயுதத்தோடு துள்ளிக்கொண்டு வருகின்றன. கீழே, சிங்கத்தின் முன்னால், வாளோடு ஒரு பெண் போராளி முன்னேறுகிறாள். இந்தப் பக்கம் முழுவதும் இடமிருந்து வலமாக ஓர் அலைபோல் நகர்கிறது.

வலப்பக்கத்தில் மகிடன் நிற்கிறான். மனித உடல், எருமைத் தலை, தலையில் மகுடம். தேவியைவிட அவன் உருவம் பெரியது. இரண்டு கைகளாலும் கனத்த கதையைப் பிடித்திருக்கிறான். உடல் பின்னோக்கிச் சாய்கிறது; ஆனால் முகத்தைத் தேவியைவிட்டுத் திருப்பவில்லை. கபடி ஆட்டத்தில் பாடி வருபவன் பாயும்போது, பிடிக்க நிற்பவன் ஓர் அடி பின்வாங்கிக்கொண்டே கண்ணை எடுக்காமல் பார்ப்பானே, அந்த நிலை. ஓடப் போகிறானா, திருப்பி அடிக்கப் போகிறானா? சிற்பி சொல்லவில்லை. அந்த இரண்டில் எது நடந்தாலும் பொருந்தும்படி அந்த உடலைச் செதுக்கியிருக்கிறான்.

இப்போது அவன் தலைக்கு மேலே பாருங்கள். குடை. அரசனுக்குரிய கொற்றக்குடை. தேவிக்குப் பிடித்திருப்பதைப் போலவே அசுரனுக்கும் குடை பிடித்திருக்கிறார்கள். தன்னை அழிக்க வருபவளுக்கு முன்னால் நிற்கும்போதும் அவன் அரசனாகவே நிற்கிறான். அவனைச் சுற்றியிருக்கும் அசுர வீரர்களும் அழகான மனித முகத்தோடுதான் இருக்கிறார்கள். ஒருவன் சரிகிறான், ஒருவன் கீழே கிடக்கிறான், மற்றவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாகச் சிற்பி இழிவுபடுத்தவில்லை.

எனக்கு இந்தச் சிற்பத்தில் மிகவும் பிடித்த இடம் இவ்விருவருக்கும் நடுவே உள்ள வெளிதான். தேவியின் வில்லும் மகிடனின் கதையும் ஒன்றையொன்று தொடவில்லை. அம்பு இன்னும் புறப்படவில்லை. கதை இன்னும் ஓங்கப்படவில்லை. சுவரில் இத்தனை உருவங்களை நெருக்கிச் செதுக்கியவன், அந்த இருவரின் பார்வை போய்வர வழிவிட்டிருக்கிறான். நம் கண் தேவியிடம் போய், மகிடனிடம் வந்து, மறுபடி தேவியிடம் போகிறது. நிலையாக நிற்கும் கல்லில் அசைவு வருவது அப்படித்தான்.

அதே குகையில் எதிர்ச் சுவருக்குத் திரும்புங்கள். அங்கே திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். நீண்ட, அமைதியான உடல். அவர் காலடியில் மதுவும் கைடபனும் கதையோடு நிற்கிறார்கள். இருவரும் தங்களுக்குள் கலந்து பேசுவதைப் போன்ற நிலை. திருமாலின் ஆயுதங்கள் மனித உருவம் எடுத்து எழுகின்றன. நிலமகள் மண்டியிட்டு வணங்குகிறாள். இங்கேயும் அடி விழவில்லை. ஒரு சுவரில் போர் கொதிக்கிறது, மறு சுவரில் போர் காத்திருக்கிறது. இரண்டு சுவரிலும் முடிவு மட்டும் இல்லை. தற்செயலாக இப்படி அமைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தத் தேர்வின் அருமை தெரிய வேண்டுமானால், நாம் அன்றாடம் கும்பிடும் துர்க்கையை நினைத்துப் பாருங்கள். எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் வடக்குப் புறக் கோட்டத்தில் துர்க்கை நிற்கிறாள். காலடியில் எருமைத் தலை. போர் முடிந்துவிட்டது. மகிடன் வெறும் பீடமாகிவிட்டான். மாமல்லபுரத்திலேயே ஆதிவராகர் குகையில் துர்க்கை அப்படித்தான் எருமைத் தலைமேல் நிற்கிறாள். அது வணக்கத்துக்குரிய வடிவம். அதற்கு அதன் பெருமை உண்டு. ஆனால் பல்லவச் சிற்பிக்கு அந்த வடிவம் நன்றாகத் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. வாகையைச் செதுக்கத் தெரிந்த ஊர்தான் அதே குன்றில் தும்பையையும் செதுக்கியது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது? பல்லவருக்கும் வாதாபிச் சாளுக்கியருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். அவனுடைய ஐஹொளே கல்வெட்டு, 634ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான் என்கிறது. ஒரே பகை, இரண்டு பக்கமும் வெற்றி! பிறகு மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசியை முறியடித்து, 642இல் வாதாபியையே பிடித்தான். மணிமங்கலம் வேறெங்கோ இல்லை; தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் வரும் ஊர். அந்தப் போர்களைக் கூரம் செப்பேடு எப்படிச் சொல்கிறது தெரியுமா? தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் மாமல்லன் வெற்றி என்று எழுதினான் என்கிறது.

முதுகு! தமிழ் மரபில் அதைவிடப் பெரிய இழிவு இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலனை எதிர்த்த சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் புண்பட்டதை நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் என்பது சங்க காலச் செய்தி. மார்பில் பட்ட புண் விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். செப்பேடு எழுதிய புலவன் எதிரியின் முதுகைக் காட்டினான். குகையில் உளி பிடித்தவன் எதிரியின் முகத்தைக் காட்டினான். ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில், ஒரே அரசின் நிழலில், இந்த இரண்டும் நடந்தன. அரசவைக்கு வாகை தேவைப்பட்டது. கலைஞன் தும்பையைத் தேடினான்.

முன்னே சொன்ன சாளுவன்குப்பத்திலும் அந்தத் தேடல் தெரிகிறது. அங்குள்ள குடைவரைக்கு அதிரணசண்டேசுவரம் என்று பெயர். போரில் கடுமை மிக்கவன் என்ற பல்லவ மன்னனின் விருதுப்பெயரால் அமைந்தது. அதிலுள்ள கல்வெட்டைப் பல்லவ கிரந்தம், நாகரி என இரண்டு எழுத்து முறையில் வெட்டியிருக்கிறார்கள். குடைவரைக்கு முன்னால் ஒரு பாறையில் மகிடன் போரைச் சிறிய அளவில் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள புலிக்குகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை நின்று பாருங்கள். பெரிய சுவரில் பார்த்த போரை மீண்டும் ஒரு சிறு பாறையில் சொல்லிப் பார்க்கும் ஆசை அந்தச் சிற்பிகளுக்கு இருந்திருக்கிறது.

அரசர்களை விட்டுச் சாதாரண மக்களிடம் வருவோம். நம் ஊர்ப்புறங்களில் நடுகற்கள் நிற்கின்றன. தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்தவை தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மிகப் பழைய நடுகற்கள். அவற்றில் எழுத்து மட்டும் உண்டு, உருவம் இல்லை. பல்லவர் காலத்துச் செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் உருவம் வருகிறது. ஒரு கையில் வில், மறு கையில் வாள். பல கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. ஆனால் அவன் விழவில்லை. அவன் செத்துப்போனதால்தான் அந்தக் கல்லே வந்தது. கல்லிலோ அவன் முன்வைத்த காலோடு எதிரியைப் பார்த்து நிற்கிறான். இறந்தவனைச் சாகாத கணத்தில் நிறுத்தி வைப்பதுதான் நடுகல்.

எடுத்தனூர் நடுகல்லை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளின் பொருட்டு நடந்த பூசலில் மாண்டான். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அரசனின் செப்பேட்டில் எதிரியின் முதுகுக்கு இடம் கிடைத்த அதே நூற்றாண்டில், ஓர் ஊரார் தங்கள் கல்லில் ஒரு நாயின் துணிவுக்கு இடம் கொடுத்தார்கள். எதிர்த்து நின்றது யாராக இருந்தாலும் மதிப்பு உண்டு என்பதுதான் அந்த ஊராரின் தீர்ப்பு.

தொல்காப்பியர் தும்பைக்குப் பக்கத்தில் வைத்த இரங்கலைக் காண வேண்டுமானால் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். பெரிய கோயில் 1010இல் முழுமை பெற்றது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையின் சுவரில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில், சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அவற்றில் ஒன்று முப்புரம் எரித்த காட்சி. பிரமன் தேரோட்ட, சிவபெருமான் தேரில் வில்லோடு நிற்கிறார். எதிரே அசுரர் கூட்டம். அங்கேதான் ஓவியன் ஒரு காரியம் செய்திருக்கிறான். அந்த அசுரர்களோடு அவர்கள் வீட்டுப் பெண்களையும் வரைந்திருக்கிறான். போகாதே என்று கணவனைப் பற்றிக்கொண்டு கலங்கும் பெண்கள். அசுரனுக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் ஓர் அழுகை உண்டு என்று, சிவனைப் பாடும் கோயிலின் உள்சுவரிலேயே எழுதியிருக்கிறான். கடவுளின் பக்கம் நின்று வரைந்தவன்தான். ஆனாலும் எதிர்ப்பக்கத்துக் கண்ணீரை அவன் மறைக்கவில்லை.

ஆயுதம் இல்லாத அறைகூவலும் நம்மிடம் உண்டு. திருவாலங்காட்டில் சிவனும் காளியும் ஆடிய நடனப் போட்டி. தாளத்துக்குத் தாளம், அடிக்கு அடி, இருவரும் சளைக்கவில்லை. இறுதியில் சிவன் ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கி ஆட, காளி நின்றுவிட்டாள் என்பது கதை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் இந்த இருவரையும் பேருருவங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். தோற்றவள் என்று காளியைச் சிறிதாகச் செதுக்கவில்லை. வேகமும் வீறும் அவளிடம் குறையவே இல்லை. அந்த வெம்மையைத் தணிக்க மக்கள் சிலைகள்மேல் வெண்ணெய் உருண்டையை வீசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இருவர்மேலும் வீசினார்கள். போட்டி இன்னும் முடியவில்லை, இருவருக்கும் சூடு ஆறவில்லை என்று மக்கள் எடுத்துக்கொண்டதாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

வாகைக் கலை எப்படி இருக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மகேந்திரவர்மன் போரிட்ட அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று இன்னொரு பெரும்போர் நடந்தது. ஐதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சூழ்ந்து நொறுக்கினார்கள். கர்னல் பெய்லி சிறைப்பட்டார்; 1782இல் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிறையிலேயே இறந்தார். அங்கே 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போரைத் திப்பு பெரிதாக வரையச் செய்தார். நடுவில் சதுரமாக அணிவகுத்து நிற்கும் கம்பெனிப் படை, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, பல்லக்கில் விரலைக் கடித்தபடி பெய்லி. ஆற்றல் மிக்க ஓவியம். அதன் துடிப்பில் மனம் பறிகொடுக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் செஞ்சட்டை வீரர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த முகங்கள்தான். எதிரி ஒரு கூட்டம், மனிதன் இல்லை.

1799இல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதையே செய்தார்கள். ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற ஓவியர் ஸ்ரீரங்கப்பட்டினத் தாக்குதலை ஏறத்தாழ 120 அடி நீளத் துணியில் வரைந்தார். 1800இல் லண்டன் மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். வென்றவன் மாறினான், வாகை மாறவில்லை. கோவளத்து மண்ணுக்கும் அந்த நூற்றாண்டின் வடு உண்டு. இங்கே இருந்த கோட்டையை 1752இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் பிடித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது. இந்தக் கடற்கரை அறைகூவலைப் படத்தில் மட்டும் பார்த்த கரை இல்லை.

மேல்நாட்டிலும் தும்பையைத் தேடியவர்கள் உண்டு. தாவீது கோலியாத் கதையை நீங்கள் அறிவீர்கள். பிளாரன்ஸ் நகரத்தில் தொனத்தெல்லோ வார்த்த வெண்கலத் தாவீது, கோலியாத்தின் வெட்டுண்ட தலைமேல் கால் வைத்து நிற்கிறான். நம் கோட்டத்துத் துர்க்கையைப் போல. 1504இல் மைக்கேலாஞ்சலோ முடித்த பளிங்குத் தாவீதிடம் தலையும் இல்லை, வெற்றியும் இல்லை. தோளில் கவண், கையில் கல், சுருங்கிய புருவம். எதிரி வந்துகொண்டிருக்கிறான். போருக்கு முந்திய கணத்தை மைக்கேலாஞ்சலோ தேர்ந்தெடுத்தார். அதற்கு 8 நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் சிற்பி அப்படியொரு கணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டான். மைக்கேலாஞ்சலோ எதிரியைக் கல்லுக்கு வெளியே நிறுத்தினார். பல்லவச் சிற்பி எதிரிக்குச் சுவரில் பாதியைக் கொடுத்தான், குடையும் கொடுத்தான்.

இந்த மனம் கல்லோடு முடிந்துவிடவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, பதினெட்டாம் போர் அன்று படுகளம் நடத்துகிறார்கள். களத்தில் துரியோதனனை மண்ணால் பேருருவமாகச் செய்து கிடத்துகிறார்கள். வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் கதையோடு ஒருவரை ஒருவர் அறைகூவி மோதுகிறார்கள். துரியோதனன் விழுந்தபின் திரௌபதி கூந்தல் முடிகிறாள். அதன் பிறகு அவனுக்காக ஒப்பாரி எழுகிறது. பாண்டவர் பக்கத்து ஊர்தான். ஆனாலும் துரியோதனனுக்கு அழ ஆள் இருக்கிறது. தஞ்சைச் சுவரில் அசுரப் பெண்கள் கலங்கியதும் படுகளத்து ஒப்பாரியும் ஒரே மரபு.

சூரசம்காரத்தையும் பாருங்கள். கந்த சட்டி அன்று முருகன் கோயில்களில் சூரன் தலையை மாற்றி மாற்றி எதிர்த்து வருகிறான். யானைத் தலை, சிங்கத் தலை, பிறகு தன் தலை. ஒவ்வொரு முறையும் முருகனை நேரே வந்து சந்திக்கிறான். கடைசியில் மாமரமாக நின்று பிளவுபட்டு, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் ஆகிறான். ஒன்று முருகனுக்கு ஊர்தி, ஒன்று கொடி. எதிர்த்து நின்றவன் அழியவில்லை, இறைவனோடு சேர்ந்தே வணக்கம் பெறுகிறான். சாளுவன்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட பழைய முருகன் கோயிலின் முன்னால் கல்லால் ஆன வேல் நிற்கிறது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். அந்த வேலும் இந்தக் கதையும் இதே கரையைச் சேர்ந்தவை.

நண்பர்களே, இதையெல்லாம் ஏன் இப்போது பேச வேண்டும்? எதிர்க்கருத்து உள்ளவனைப் படமாகக் காட்டுவது இன்று மிக எளிது. கைப்பேசியைத் திறந்தால் போதும். ஒரே நாளில் எத்தனை முகங்களைக் கோணலாக்கி, எத்தனை பேரைக் காலடியில் கிடத்தி, எத்தனை வாகைப் படங்களைப் பரப்புகிறோம்! எதிரியைச் சிறியவனாக்கிவிட்டால் நாம் பெரியவராகிவிடுவோம் என்று நம்புகிறோம். மாமல்லபுரத்துச் சிற்பி அதற்கு நேர்மாறான பாடத்தை வைத்திருக்கிறான். மகிடன் பெரியவனாக நிற்பதால்தான் தேவியின் வலிமை தெரிகிறது. அவன் அரசனாக நிற்பதால்தான் அவளுடைய வெற்றிக்குப் பொருள் உண்டு. எதிரியின் மதிப்பைக் குறைத்தால் நம் போரின் மதிப்பும் குறைந்துவிடும். கலைக்கு மட்டும் உரிய விதி இல்லை இது. பட்டிமன்றத்துக்கும் தேர்தலுக்கும் குடும்பச் சண்டைக்கும் இதே விதிதான்.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். மாமல்லபுரத்துச் சின்னங்களை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் பறந்து வந்து பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் நாமோ கடற்கரைக் கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஒரு காலை, வெயில் ஏறுமுன், குன்றின்மேல் ஏறி அந்தக் குகைக்குள் போங்கள். இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், பெயரைக் கீறாதீர்கள், கீறுகிறவரைக் கண்டால் தடுங்கள். உப்புக் காற்றே அந்தக் கல்லுக்குப் போதுமான சோதனை.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும்போது, கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சுவரின் முன்னால் நிறுத்தி, யார் வெல்வார்கள் என்று கேளுங்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். ஒருவன் தேவி என்பான், நாண் இழுத்திருக்கும் கையைக் காட்டுவான். இன்னொருத்தி மகிடன் என்பாள், அவன் கதையைக் காட்டுவாள். அவர்கள் வாதாடட்டும். தேவியின் பக்கம் பேசியவன் மகிடனின் பக்கத்தையும் ஒருமுறை பேசிப் பார்க்கட்டும். எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு எந்த அவையிலும் அஞ்சாமல் நிற்கும். எவரையும் இழிவுபடுத்தாமலும் நிற்கும்.

வெற்றியைக் கொண்டாட எல்லாருக்கும் தெரியும். எதிரே நிற்பவனை மதித்து நிற்க ஒரு பண்பாடு வேண்டும். அந்தப் பண்பாட்டை இந்த நெய்தல் நிலத்துக்கு உரியதாகத் தொல்காப்பியர் எழுதி வைத்தார். இந்தக் கடற்கரையின் சிற்பிகள் அதைப் பாறையில் நிலைநிறுத்தினார்கள். அதைக் காப்பதும், அதன்படி வாழ்வதும் நம் கடமை.